சுண்டைக்காயும் சுமைகூலியும்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்கள். இதை முதலில் சொன்ன பெரியவருக்கு இன்டர்நெட் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால், மெதுவான டெலிபோன் லைனில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதில் இருந்த பெரிய தலைவலியை ஆறே வார்த்தைகளில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எப்படி என்கிறீர்களா? இன்டர்நெட்டில் எது போனாலும் ஆவின் பால் மாதிரி பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒரு விலாசச் சீட்டு. அதற்கு ஹெட்டர் என்று பெயர். அனுப்பும் கம்ப்யூட்டரின் எண்ணுக்கு 4 பைட், வாங்கும் கம்ப்யூட்டரின் எண்ணுக்கு 4 பைட். இந்தப் பக்கம் எந்த மென்பொருள், அந்தப் பக்கம் எந்த மென்பொருள் என்பதற்குத் தலா 2. நான் அனுப்புவதில் இது எத்தனையாவது பைட், நீ அனுப்பியதில் எதுவரை எனக்கு வந்து சேர்ந்தது என்பதற்குத் தலா 4. வழியில் சரக்கு கெட்டுப்போகவில்லையே என்று சரிபார்க்க ஒரு கூட்டல் கணக்கு. இன்னும் இத்யாதி. ஐபி என்ற விதிமுறைக்கு 20 பைட், டிசிபி என்பதற்கு 20 பைட், ஆக மொத்தம் 40.

இப்போது நீங்கள் தூரத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரோடு இணைந்து, கீபோர்டில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டுகிறீர்கள். சரக்கு 1 பைட். சுமைகூலி 40. அந்த எழுத்து அங்கே போய், 'வந்துடுச்சுப்பா' என்று எதிரொலித்துத் திரும்பினால்தான் உங்கள் திரையில் தெரியும். அதற்கு இன்னொரு 41. 1980-களில் பரவலாக இருந்த 2400 பிட் மோடத்தில் விநாடிக்கு 240 பைட்தான் போகும். கணக்குப் போடுங்கள். ஓர் எழுத்து திரையில் தெரிய மூன்றில் ஒரு பங்கு விநாடி, அதுவும் தொலைவின் தாமதத்தைச் சேர்க்காமல். இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கை தட்டிய பிறகு கண்ணுக்குத் தெரிய 0.2 விநாடிக்கு மேல் ஆனால் மனிதனுக்கு எரிச்சல் வந்துவிடும். தட்டியது போச்சா, போகலையா என்று இன்னொரு தடவை தட்டுவான்.

மெதுவான லைன் என்பது நமக்குப் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி. உள்பட எட்டு நிறுவனங்களை இணைக்க 1986-ல் ஆரம்பித்த எர்னெட் என்ற கல்வி வலையமைப்பு, 1989-ல் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்கு லைன் போட்டபோது அதன் வேகம் 9.6 கிலோபிட். அதாவது விநாடிக்கு 1,200 பைட். ஒரு தேசத்தின் பேராசிரியர்கள் எல்லாம் அந்த ஒற்றைக் குழாயில் குடம் பிடித்தார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோதும் டெலிபோன் வழியேதான். வேகம் கொஞ்சம், காசு அதிகம்.

விலாசத்துக்குக் காசு கொடுப்பது நம் ஆட்களுக்கு எப்போதுமே பிடிக்காத காரியம். பழைய வியாபாரக் கடிதத்தாள்களைப் பார்த்திருப்பீர்கள். கடைப் பெயர், தெரு, ஊர் எல்லாம் அச்சடித்து, மூலையில் 'தந்தி:' என்று போட்டு ஒற்றை வார்த்தை இருக்கும். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு. விலாசமும் வார்த்தைதான். அதனால் கம்பெனிகள் தபால்-தந்தி இலாகாவுக்குக் கட்டணம் கட்டி, ஒரு சுருக்கப் பெயரைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டன. அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னால், முழு விலாசம் தந்தி ஆபீஸ் ரிஜிஸ்டரில் இருக்கும். கல்யாண வாழ்த்துக்கும் இதே கதை. வாசகத்தைச் சொல்ல வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். அந்தப் பக்கத்து ஆபீஸில் முழு வாழ்த்தையும் எழுதி மணமக்களிடம் கொடுப்பார்கள். 2013 ஜூலையில் தந்தியே போய்விட்டது. ஆனால் அதன் சூட்சுமம் போகவில்லை. எதிர்முனைக்கு ஏற்கெனவே தெரிந்ததை எதற்குத் திரும்பவும் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியை இன்டர்நெட்டிடம் சரியாகக் கேட்டவர் வான் ஜேக்கப்சன். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1986-ல் அந்த ஆய்வுக்கூடத்துக்கும், 400 கஜ தூரத்தில் இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே போக்குவரத்து நெரிசல் வந்து, 32 கிலோபிட் வேகம் வெறும் 40 பிட்டாகக் குறைந்தது. ஏன் என்று குடைந்து, நெரிசலுக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியத்தின் வழிவந்தவைதான் இன்றைக்கும் இன்டர்நெட்டை ஓட வைக்கின்றன. அதே மனிதர் 1990 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1144 என்ற ஆவணத்தை வெளியிட்டார். வீட்டிலிருந்து மோடத்தில் வருகிறவர்களுக்காக, அந்த 40 பைட் ஹெட்டரைச் சராசரியாக 3 பைட்டாகக் குறைக்கும் வழி அதில் இருந்தது.

நாற்பதை மூன்றாக்குவது மந்திரமில்லை. மறுபடி பால் பாக்கெட்டுக்கு வாருங்கள். பால் போடும் பையனிடம் முதல் நாள் எல்லாவற்றையும் சொல்கிறோம். எந்தத் தெரு, எந்த வீடு, நீலமா பச்சையா, எத்தனை பாக்கெட், கேட்டில் பை எங்கே தொங்கும். மறுநாளிலிருந்து ஒன்றும் சொல்வதில்லை. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மட்டும் பையில் ஒரு துண்டுச் சீட்டு: 'நேற்றைவிட ஒன்று கூட.' அவ்வளவுதான்.

ஜேக்கப்சன் ஹெட்டரை உட்கார்ந்து பார்த்தார். 40 பைட்டில் பாதி, பேச்சு ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை மாறுவதே இல்லை. நீயும் நானும் யார் என்பது நடுவில் எப்படி மாறும்? அதை ஒரு தடவை சொன்னால் போதும். பாக்கெட்டின் நீளத்தை எழுதவே வேண்டாம், வந்து சேர்ந்ததை அளந்தாலே தெரிந்துவிடும். மீதியில் பல, சொல்லிவைத்தாற்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகின்றன. அங்கே புது எண் வேண்டாம், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் போதும். எது எது மாறியது என்று சொல்ல 1 பைட். சரிபார்க்கும் கூட்டல் கணக்குக்கு 2 பைட். தட்டச்சு மாதிரி வழக்கமான சமாசாரத்துக்கு இதுவே போதும். முன்னே ஓர் எழுத்துக்குப் போக வர 82 பைட் ஆனது, இப்போது 8. மூன்றில் ஒரு பங்கு விநாடி, முப்பதில் ஒரு பங்காகிவிட்டது. லைன் அதே லைன், மோடம் அதே மோடம்.

இதை நீங்களும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். விண்டோஸில் டயலப் இணைப்பு அமைக்கும்போது, உள்ளே ஒரு மூலையில் 'யூஸ் ஐபி ஹெட்டர் கம்ப்ரஷன்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டிருந்தால், மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்ததும் இரண்டு முனைகளும், 'சுருக்கமாப் பேசலாமா?' 'ஓ, பேசலாமே' என்று உடன்பாடு செய்துகொள்ளும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பிபிபி.

மறைமலைநகரில் எங்கள் வீட்டில் அந்தக் கீச்சுக்குரல் 2000-ம் ஆண்டில் கேட்க ஆரம்பித்தது. ஊர்ப் பெயரைப் பாருங்கள். வேதாசலம் என்ற பெயரைத் தமிழாக்கி, வேதத்துக்கு மறை, அசலத்துக்கு மலை என்று வைத்துக்கொண்ட மறைமலை அடிகளின் நினைவாக வந்த பெயர். அதை எங்கள் ஊர் ஷேர் ஆட்டோக்காரர்கள் 'எம்.எம். நகர்' ஆக்கிவிட்டார்கள். தனித்தமிழ் கண்ட பெரியவருக்கு இரண்டு ஆங்கில எழுத்து. அடிகள் கேட்டால் வருந்தியிருப்பார், ஜேக்கப்சன் கேட்டால் தலையாட்டியிருப்பார். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை 'எம்.எம். நகர்' எல்லோருக்கும் புரியும். தேனியிலிருந்து வந்திறங்கிய ஆளிடம் சொன்னால் முழிப்பார். சுருக்கம் செல்லுபடியாவது, இரண்டு முனையிலும் ஒரே ஞாபகம் இருக்கும்வரைதான்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த ஆவணமும் இல்லை, எதிர்வீட்டு அக்கா.

அக்காவின் மகன் அப்போது மிச்சிகனில் வேலையில் இருந்தான். ஐ.எஸ்.டி. பேசினால் கட்டுப்படியாகாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் சாட்டில் தட்டுவேன். அவர் சொல்வது இப்படி இருக்கும்:

"அவரு இன்னும் அங்கதான் போறாரு. அது சரியாயிடுச்சு. அவங்ககிட்ட கேட்டேன், தரேன்னாங்க. சின்னவளுக்கு அதே வேணுமாம்."

தட்டுகிற எனக்கு ஒரு வரி விளங்காது. அவர் யார், அது எது, எதைத் தருகிறார்கள்? ஆனால், அந்தப் பக்கத்திலிருந்து, 'சரிம்மா, அதே கலர்லயா?' என்று பதில் வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் இருபத்தைந்து வருஷ ஞாபகம் பொதுவில் இருந்தது. பெயர், உறவு, ஊர் எதுவும் அனுப்ப வேண்டாம். மாறியதை மட்டும் சொன்னால் போதும். மூன்று பைட் ஹெட்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தபோது முகமே சரியில்லை. பையனுக்குப் போன் போட்டுப் பார்த்தாராம், எடுக்கவில்லையாம். சாட்டில் வந்தான். "பெரியவங்க போயிட்டாங்க. கஷ்டப்படாமப் போயிட்டாங்கன்னு போடுங்க தம்பி" என்றார். போட்டேன்.

பதில் வந்தது: 'நல்லதும்மா. பஸ் ஏத்தி விட்டீங்களா?'

படித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்தது இதுதான். இரண்டு வாரம் முன்பு மதுரையிலிருந்து அவனுடைய பெரியம்மா வந்து தங்கியிருந்தார். 'பெரியவங்க வந்திருக்காங்க' என்று அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் அக்காவின் மகள் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறாள். பெரியம்மா கிளம்பிப் போயாச்சு, ஊரில் ஆயாவுக்கு உடம்பு முடியலை என்று. அந்த மெயில் எங்கேயோ வழியில் தொலைந்துபோனது. அவன் ஞாபகத்தில் 'பெரியவங்க' இன்னும் பெரியம்மாதான். அம்மாவின் ஞாபகத்தில் அது ஆயா. நடுவில் ஒரு துண்டுச் சீட்டு காணோம். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வார்த்தையும் தப்பான ஆள்மேல் போய் உட்கார்ந்தது.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "உங்கப்பாவோட அம்மா. கருங்குழி ஆயா. நேத்துக் காலையில இறந்துட்டாங்க." சுருக்கம் எதுவும் இல்லை. முழு ஹெட்டர். அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஜேக்கப்சனுக்கு இந்த அபாயம் தெரியும். டெலிபோன் லைனில் இரைச்சல் வந்து ஒரு பாக்கெட் தொலைந்தால், 'நேற்றைவிட ஒன்று கூட' என்ற சீட்டு போய்விடும். அதற்குப் பின் எல்லாக் கணக்கும் தப்பு. அதனால்தான் அந்த இரண்டு பைட் கூட்டல் கணக்கில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. ஞாபகத்தைக் கொண்டு திரும்பக் கட்டிய ஹெட்டர் தப்பாக இருந்தால், கூட்டல் இடிக்கும். இடித்தால் அந்தப் பாக்கெட் குப்பைக்கு. 'வந்தது' என்ற பதில் போகாது. பதில் வராததால் அனுப்பியவர் பழையதையே திரும்ப அனுப்புவார். வரிசை எண் முன்னே போகாமல் பின்னே போவதைப் பார்த்ததும் சுருக்குகிற மென்பொருள், 'ஓகோ, எதிர்முனையில் குழப்பம்' என்று புரிந்துகொண்டு, 40 பைட்டையும் முழுசாக அனுப்பிவிடும். ஞாபகம் மறுபடி ஒன்றாகிவிடும். சிக்கனத்திலும் ஒரு நேர்மை பாருங்கள். எதைக் குறைத்தாலும், தப்பைக் கண்டுபிடிக்கும் வழியை அவர் குறைக்கவில்லை.

இதெல்லாம் அமெரிக்கக்காரன் வீட்டு வசதிக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் கம்யூனிகேஷன் என்ற சென்னைக் கம்பெனியோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸோடும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்று ஒன்றைச் செய்தது. கம்பி இழுக்க வேண்டாம். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, கூரையில் ஒரு ஆன்டெனா. பெட்டியில் டெலிபோனையும் செருகலாம், கம்ப்யூட்டரின் பின்பக்கத்து சீரியல் போர்ட்டையும் செருகலாம். இன்டர்நெட் 35 கிலோபிட், அல்லது போன் சும்மா இருந்தால் 70. மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001-க்குப் பிறகு இதை வைத்து கியோஸ்க்குகள் நடத்தினார்கள். அங்கே கிராமத்து ஜனங்களின் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பார்த்துவிட்டு, நேரில் வர வேண்டுமா, வேண்டாமா என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம். அந்த 35 கிலோபிட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

சரி, இன்றைக்குத்தான் வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்தாச்சே, 40 பைட்டுக்கு யார் அழுவார்கள் என்று கேட்பீர்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் அழுகிறது. 4ஜி-யில் வோல்ட்டி என்ற முறையில் பேசும்போது உங்கள் குரலும் இன்டர்நெட் பாக்கெட்தான். விநாடிக்கு 50 பாக்கெட். நல்ல தெளிவான பேச்சுக்கு ஒரு பாக்கெட்டில் குரல் 32 பைட் இருந்தால், புதிய ஐபி ஆறாம் பதிப்பில் விலாசம் 60 பைட். மறுபடி சுண்டைக்காய், மறுபடி சுமைகூலி. டவரிலிருந்து போனுக்கு வரும் ரேடியோ அலை எவ்வளவு விலை கொடுத்து ஏலம் எடுத்தது என்று பேப்பரில் படிக்கிறோமே, அதில் மூன்றில் இரண்டு பங்கை விலாசம் தின்றால் கட்டுமா? அங்கேயும் இதே வித்தையின் வாரிசு ஒன்று வேலை செய்கிறது. ரோக் என்று பெயர், 2001-ல் வந்தது. 60 பைட்டைப் பெரும்பாலும் மூன்று நான்காக்கிவிடும். ஒரு பாக்கெட்டின் மொத்த நீளமே 127 பைட்டுக்கு மேல் போகாத குட்டி சென்சார்களுக்கு இன்னொரு வாரிசு இருக்கிறது. பக்கத்து சென்சாரிடம் பேசும்போது 40 பைட் ஐபி ஹெட்டரை 2 பைட்டாக்கும்.

ரேடியோவில் பாக்கெட் தொலைவது சகஜம். அதனால் ரோக் செய்தவர்கள் ஜேக்கப்சனின் முறையில் இல்லாத இரண்டு பழக்கங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, கேட்கிற முனைக்குப் புரியவில்லை என்றால் சும்மா இருக்காது. 'எனக்குக் குழம்பிடுச்சு, முழுசாச் சொல்லு' என்று திருப்பிக் கேட்கும். இரண்டு, திருப்பிக் கேட்க வழியில்லாத இடத்தில், யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிற முனை அவ்வப்போது முழு ஹெட்டரையும் ஒரு தடவை அனுப்பிவிடும். பைட் வீண்தான். ஆனால் அந்த வீண்செலவு இருந்தால்தான் மற்ற சிக்கனம் எல்லாம் நிற்கும்.

எதிர்வீட்டு அக்கா இந்த இரண்டாவது பழக்கத்துக்குத் தானாகவே வந்து சேர்ந்தார். ஆயா காரியம் முடிந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சாட் வேறு மாதிரி ஆரம்பித்தது. முதலில் வருகைப் பதிவு. "உங்கப்பா நல்லா இருக்காரு. கால் வலி தேவலை. தங்கச்சிக்குப் பரீட்சை பதினெட்டாம் தேதி. மதுரைப் பெரியம்மா மதுரையிலயேதான் இருக்காங்க, நல்லா இருக்காங்க." இப்படி ஒவ்வொருவராகப் பெயர், உறவு, ஊர், உடம்பு. போன வாரம் சொன்னதேதான், ஒரு மாற்றமும் இருக்காது. அந்தப் பையனும் ஒவ்வொன்றுக்கும் 'சரிம்மா', 'சரிம்மா' என்று பதில் போடுவான். அதற்கே பத்து நிமிஷம் போய்விடும்.

ஒருநாள் பொறுக்காமல், "இதெல்லாம் அவனுக்குத் தெரியுமே அக்கா, மீட்டர் ஓடுது" என்றேன்.

"ஓடட்டும் தம்பி" என்றார்.